ஏழாம் நம்பர் கட்டி

எங்கள் அறையின் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்று மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். "ஹோ ஜாயேகா", ஆகிவிடும் என்பார். மழை சாய்ந்து அடித்தால் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, என் புத்தகங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியின் அடியில் தேங்கும். தில்லி மயூர் விஹார் அடுக்குமாடிகளுக்குப் பின்பக்கம், சில்லா கிராமத்தில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அம்மா அந்த அடுக்குமாடிகளில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். அப்பா மானேசர் பக்கம் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிக்கொள்வார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து தூங்கிவிட்டுப் போவார். ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் பூசுகிற மனிதரிடம், அந்த இரண்டு நாளில் எங்கள் ஜன்னலைப் பூசு என்று சொல்ல அம்மாவுக்கும் மனம் வராது, எனக்கும் வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மயூர் விஹார் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை, பிறகு கல்லூரி, பிறகு வேதியியலில் எம்.எஸ்ஸி. என் ரேங்க் கார்டுகளில் பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் எல்லாம் அம்மாவின் கட்டைவிரல் நீல மையில் இருக்கும். அந்த ரேகையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. ஊரில் கரும்பு வெட்டப் போனபோது பட்டதாம்.

படித்து முடித்து நான் சேர்ந்தது ஓக்லாவில் ஒரு சிறிய கம்பெனி. ஹோட்டல், மால், தொழிற்சாலைகளில் காவல் வேலை பார்ப்பவர்களுக்கும், பழைய கட்டடங்களையும் பாலங்களையும் இடிக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் பிளாஸ்டிக் வெடிமருந்து பற்றி வகுப்பு நடத்துவோம். நிஜ மருந்து எங்களிடம் ஒரு துளி கிடையாது. பன்னிரண்டு போலிக் கட்டிகள்தான் உண்டு. அதே நிறம், அதே எடை, அதே மென்மை. கையில் எடுத்தால் எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவு போல இருக்கும். வெடிக்கிற சரக்கு மட்டும் உள்ளே இருக்காது. ஒவ்வொரு கட்டியின் அடியிலும் ஒரு எண் பதித்திருக்கும்.

இரண்டு வருடமாக எனக்கு வேலை, ஸ்லைடு மாற்றுவது. ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. ஆனால் முன்னால் நின்று பேசுகிறவர் வேறு ஒருவர். வகுப்புக்கு வருகிற ஆண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டுதான். ஒன்று, "மேடம், சாய் எத்தனை மணிக்கு?" இன்னொன்று, "மேடம், ஏசி குறைக்க முடியுமா?"

பேசுகிறவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் சார், ராணுவத்தில் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை வகுப்பு நீ எடு பேட்டா. முழுசும் நீயே. சரியாகப் போனால் அடுத்த வகுப்பு அறிவிப்புத்தாளில் பயிற்சியாளர் என்று உன் பெயரைப் போடுகிறேன்" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே வந்து கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை, "பயிற்சியாளர்" என்று சொல்லிக்கொண்டேன்.

பாடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பயம் கைகளைப் பற்றித்தான். வகுப்பு எடுக்கிறவர் பேசிக்கொண்டே கட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, கயிறாக உருட்டி, மேசை மேல் வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தின் மூலையில் அழுத்திக் காட்ட வேண்டும். வாய் ஹிந்தியில் ஓடும்போது கை மாவு உருட்ட வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்து வரவில்லை. அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. புதன்கிழமை மாலை ஏழாம் நம்பர் கட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கட்டிகள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த விதியையும் ஸ்லைடில் எழுதியது நான்தான். ஒரு போலிக் கட்டி பஸ்ஸிலோ பார்க்கிலோ கிடந்தால், பார்ப்பவருக்கு அது போலி என்று எப்படித் தெரியும்? தெருவை மறிப்பார்கள், மோப்ப நாய் வரும், கடைகளை மூடுவார்கள், பாதி நகரம் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கும். இதெல்லாம் தெரிந்துதான் அன்று மெட்ரோவில் ஏறவில்லை. மெட்ரோ எக்ஸ்ரேயில் என் பை எப்படித் தெரியும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? பெண்களுக்கான இலவச பிங்க் டிக்கெட் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, ஆசிரம் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்று, வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது, மாவு?"

"கிளாஸுக்கு மாடல்மா."

என்ன வேலை என்று நான் அவளிடம் தெளிவாகச் சொன்னதே இல்லை. டீச்சர் மாதிரி என்று சொல்லியிருந்தேன். அவள் நான்கு வீட்டிலும் டீச்சர் என்றே சொல்லி வைத்திருந்தாள்.

இரும்புப் பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினேன். வகுப்பில் அதை மருந்து என்றோ வெடி என்றோ திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டோம். மெட்டீரியல் என்போம். "இந்த மெட்டீரியலுக்குள் தண்ணீர் போகாது. தில்லி வெயிலில் உருகாது. ராஜஸ்தான் குளிரில் உடையாது. எந்த இடுக்கில் வைத்து அழுத்தினாலும் அந்த இடுக்கின் வடிவத்தில் போய் உட்காரும். விழாது." துண்டைக் கிள்ளி, உருட்டி, பெட்டியின் மூலையில் ஒட்டினேன். நின்றது. மறுபடி. மறுபடி. எட்டாவது தடவை வாயும் கையும் ஒன்றாக ஓடின.

அம்மா பூண்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்லா சொல்றடி" என்றாள்.

கிள்ளிய துண்டைக் கட்டியோடு சேர்த்து அழுத்தி, சிவப்பு லேபிள் உறையில் சுற்றி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியும்போது மழைச் சத்தம் கேட்டு எழுந்தேன். எழுந்ததும் காலைத் தரையில் வைக்க யோசிப்பது எங்கள் வழக்கம். வைத்தேன். தரை காய்ந்திருந்தது. பெட்டியின் அடியில் பார்த்தேன். அங்கும் காய்ந்திருந்தது. அம்மா ஜன்னலோரம் நின்று தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாரு, ஒரு சொட்டு வரல. நீ சொன்னது மெய்தான்."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"தண்ணி போவாது, எந்த சந்துலயும் போய் உக்காரும்னு நேத்து அந்தச் சுவரப் பாத்துக் கத்திக்கினு இருந்தியே. நானும் மூணு வருசமா சிமெண்ட்டு வச்சேன், துணி வச்சேன், சோப்பு வச்சேன். இதான் நின்னுச்சு."

ஜன்னலைப் பார்த்தேன். சட்டத்தின் நான்கு பக்கமும், நூல் பிடித்தாற்போல, என் ஏழாம் நம்பர் கட்டி. சோமாசு ஓரத்தை மடிப்பது போல விரலால் அழுத்தி அழுத்தி முடித்திருந்தாள். சிவப்பு உறையை மடித்து மேடையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாடி?"

"அம்மா, அது குண்டு."

"என்னாது?"

"குண்டு மாதிரி. பொய்க் குண்டு. வெடிக்காது. ஆபீஸ் சாமான். வெளியவே கொண்டு வரக் கூடாது."

அம்மா தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். "அதையாடி நான் பிசைஞ்சேன்? இந்தக் கையாலதானே இப்போ ரொட்டி சுட்டு வச்சேன்?"

"வெடிக்காதும்மா."

"வெடிக்காதுன்னா நீ ஏன் நடுங்கற? பொய்க் குண்டுக்கு எவளாச்சும் இப்படி நடுங்குவாளா?"

எட்டரைக்குள் பன்னிரண்டு கட்டியும் அலமாரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு வகுப்பும் இல்லை, வேலையும் இருக்குமோ தெரியாது என்றேன். தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு பெட்டி மேல் ஏறினாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். வைக்கும்போது எளிதாக வைத்திருக்கிறாள், எடுக்க வரவில்லை. ஜன்னலின் நீலப் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. உரித்த இடத்திலெல்லாம் தண்ணீர் உள்ளே வழிந்தது.

"சாமான் நல்ல சாமான்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "விடமாட்டேங்குது பாரு."

அவள் போன் அடித்தது. முதல் வீட்டு மேடம். "வரேன் தீதி, ஜல்தி வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுரண்டினாள்.

எல்லாவற்றையும் சேர்த்தபோது அளவு குறைந்தது.

"ஐயோ, அடுப்புக் கால்ல ஒரு துண்டு இருக்குடி. ஆடிக்கினு இருந்துச்சு."

அதையும் எடுத்தோம். பெயிண்ட் துணுக்குகளை என் நகத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அம்மா பிசைந்து அழுத்திக் கொடுத்தாள், நான் ஸ்கேலால் நான்கு பக்கமும் தட்டிச் சதுரமாக்கினேன். சிவப்பு உறையில் சுற்றியதும் பழையபடி தெரிந்தது. கிட்டத்தட்ட.

"நான் வேணா உங்க சார்கிட்ட வந்து சொல்லட்டா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். நீ வேலைக்குப் போ."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் குடை இல்லாமல் இறங்கிப் போனாள். குடையை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பதை நான் கிளம்பும்போதுதான் பார்த்தேன்.

மறுபடியும் இரண்டு பஸ், ஆசிரம், மழை. பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைச் சுருக்கி, "டிபனில் என்ன சகோதரி, பெட்ரோல் வாசனை வருகிறது?" என்று கேட்டாள். "பெயிண்ட்" என்றேன். அதில் பொய்யும் இல்லை. வகுப்பை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். ஒரு வரி கூட வரவில்லை. இரவு முழுக்கத் தூங்கியிருந்தும் ஒரு வாரம் தூங்காதவள் போல உடம்பு கனத்தது. பஸ்ஸில் இருந்த எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். தலைகள் கம்பிகளில் சாய்ந்து சாய்ந்து மோதிக்கொண்டிருந்தன.

எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏழாம் நம்பரை அதன் இடத்தில் வைத்தேன். ஒன்பது மணிக்கு, வகுப்புக்கு முன்னால், பச்சைத் துணி விரித்து, கட்டிகளை வரிசையாக வைத்து, சாரும் நானும் ஒருவர் பின் ஒருவராக உரக்க எண்ணினோம். எங்கள் அலுவலகத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் இது பூஜை போல நடக்கும். ஏக், தோ, தீன். பாரஹ் என்று சார் சொல்லி முடித்தார். பன்னிரண்டு. சரியாக இருந்தது.

வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். பாதி காவல் மேற்பார்வையாளர்கள், பாதி கட்டடம் இடிக்கும் கம்பெனியின் தளப் பொறியாளர்கள். எல்லோரும் ஆண்கள். நான் முன்னால் போய் நின்றதும் ஒருவர் ஸ்லைடு போடத்தான் நிற்கிறேன் என்று நினைத்து, "சார் எப்போ வருவார்?" என்றார்.

"சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்று நான்தான்."

ஆரம்பித்தேன். ராணுவத்துக்கு இது எதற்கு என்பதிலிருந்து. எதிரி வரும் வழியில் உள்ள பாலத்தின் இரும்பு விட்டத்தை வெட்ட, பூட்டிய கதவைத் திறக்க, வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் பழைய குண்டுகளை அந்த இடத்திலேயே அழிக்க. கையில் தூக்கிப் போகலாம், குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது, தானாக வெடிக்காது. சிப்பாய்க்கு வேண்டியது அந்த நிதானம்தான். பிறகு தொழிலுக்கு வந்தேன். கல் குவாரியில் இதை யாரும் வீணாக்க மாட்டார்கள், விலை அதிகம். ஆனால் முழுகிப்போன கப்பலைத் தண்ணீருக்குள்ளேயே துண்டுபோட இது வேண்டும். பழைய ஆலையின் இரும்புக் கால்களைக் குறித்த இடத்தில் வெட்ட இது வேண்டும். ஒட்டவே ஒட்டாத இரண்டு உலோகத் தகடுகளை ஒரே அடியில் ஒன்றாக்க இதே குடும்பத்து மருந்து உதவும். ரயில் தண்டவாளம் பிரிகிற இடத்தில் சக்கரம் வந்து வந்து மோதுகிற இரும்பைக் கெட்டிப்படுத்தவும் இதைப் பயன்படுத்துவதுண்டு.

"அப்போ நாங்கள் ரயிலில் போகும்போது இதன் மேல்தான் போகிறோமா?" என்று ஒரு காவல் மேற்பார்வையாளர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மருந்து போய்விடும், வேலை மட்டும் இரும்பில் நிற்கும்" என்றேன். அது ஸ்லைடில் இல்லாத வரி.

துண்டைக் கிள்ளினேன், உருட்டினேன், சட்டத்தில் ஒட்டினேன். நின்றது. சாய் பற்றி யாரும் கேட்கவில்லை.

கட்டிகளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு பொறியாளர், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது" என்றேன். "ஜன்னலில் ஒழுகும் இடத்தில் அடைத்து வைத்தால் விடியும் வரை மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. கடைசி பெஞ்சில் சார் தலை நிமிர்ந்தார்.

அதே நேரம் இரண்டாம் வரிசையில் ஒருவர் தன் கையில் இருந்ததைத் திருப்பி, "மேடம், எல்லாவற்றிலும் எண் இருக்கிறது, இதில் இல்லையே" என்றார். "நீலமாக ஏதோ ஒட்டியும் இருக்கிறது."

சார் எழுந்து வந்து அதை வாங்கினார். அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். ஸ்கேல் தட்டாமல் விட்ட ஒரே இடம். எண் ஏழு இருந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. நடுவில் குறுக்காக ஒரு வெட்டு.

"சாய்" என்றார் சார் எல்லோரையும் பார்த்து. "பத்து நிமிடம்."

அறை காலியானதும் கேட்டார். "இது யாருடைய விரல்?"

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். பாடம் நடத்தும்போது அழுத்திவிட்டேன், எண் தேய்ந்துவிட்டது என்றால் பாதி நம்பியிருப்பார், மீதிப் பாதியை வாடிக்கையாளர் இருக்கிறார்களே என்று விழுங்கியிருப்பார். ஏழாவது படிக்கும்போது ஒரு முறை, ரேங்க் கார்டில் அம்மா வைத்த விரலின் மேல் பேனாவால் நானே கிறுக்கிக் கையெழுத்து மாதிரி ஆக்கியிருக்கிறேன். வகுப்பில் மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று. அன்று அம்மாவுக்கு அது தெரியாது. இன்றும் தெரியாது.

"என் அம்மாவுடையது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழக எடுத்துப் போனது, பஸ், ஜன்னல், அடுப்புக் கால் வரைக்கும்.

அடுப்புக் கால் வந்தபோது மட்டும் அவர் மீசை ஒரு தரம் அசைந்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நன்றாக எடுத்தாய்" என்றார். "ஆனால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் ஒரு கட்டி ஒரு ராத்திரி வெளியே இருந்திருக்கிறது. நான் ராணுவத்தில் இருந்தபோது இதற்கு என்ன நடக்கும் தெரியுமா?"

"தெரியும் சார். ஸ்லைடில் எழுதியிருக்கிறேன்."

கையை நீட்டினார். அலமாரிச் சாவியை அதில் வைத்தேன். மீதி வகுப்பை அவர் எடுத்தார். நான் ஸ்லைடு மாற்றினேன். என் இடத்தில் நின்று அவர் என் வரிகளைப் படித்தார். மாலையில் எண்ணும்போது என்னைக் கூப்பிடவில்லை, கணக்கரைக் கூப்பிட்டார். வேலை போகவில்லை. அறிவிப்புத்தாளில் பெயர் வருமா என்று கேட்டேன். "ஆறு மாதம் கழித்துப் பேசுவோம்" என்றார். அந்தப் பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மெட்ரோவில் வந்தேன். எக்ஸ்ரேயில் பை போய் வெளியே வந்தது. உள்ளே வெறும் டிபன் பாக்ஸ். சோதனை செய்த பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஜன்னலில் பழைய துணி அடைத்திருந்தது, கீழே வாளி.

"கிளாஸ் எடுத்தியா?"

"பாதி எடுத்தேன்."

"மீதி?"

"சார் எடுத்தாரு."

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னாலயாடி?"

"இல்லம்மா. எடுத்துக்கிட்டு வந்தது நான்."

"நாலு வீட்லயும் சொல்லிட்டேன். இன்னிக்கு எம்பொண்ணு தனியா கிளாஸ் எடுக்கறான்னு."

"எடுத்தேன்தானே?"

"பாதி."

"பாதி."

அவள் ஜன்னலிலிருந்து துணியை உருவி வாளியில் பிழிந்தாள். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். பிறகு அவள் பெட்டி மேல் ஏறி அதை மறுபடி இடுக்கில் திணித்தாள். கட்டைவிரலால், ஓரம் ஓரமாக.